பின்வாசல் விருந்தாளி

மகள் என் சட்டைப்பைக்குள் கையை விட்டுத் துழாவினாள்.

"கைக்குட்டை. கண்ணாடிக் கூடு. சரி. பேன்ட்ல?"

"காலிம்மா."

"வெளிய இழுத்துக் காட்டுங்க."

இழுத்துக் காட்டினேன். இரண்டு பைகளும் நாக்கைத் தொங்கப்போட்டதுபோல் வெளியே தொங்கின.

"பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக்கூட இப்படிச் சோதனை போட மாட்டாங்க" என்றேன்.

"அதுங்க சொன்னா கேக்கும்."

அலங்காரப் பெட்டியை ஏற்கெனவே அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். சாவி அவளுடைய கைப்பையில். ஆனால் என் சட்டையின் கீழ்மடிப்பை அவள் திருப்பிப் பார்க்கவில்லை. அதன் உள்பக்கம் ஊக்குகள் வரிசையாகக் குத்தியிருந்தன. காலையில் உடை மாற்றும்போது கை தானாகக் குத்திவிட்டது. காரில் சீட் பெல்ட்டை மாட்டியபோது அது அழுந்தித்தான் எனக்கே தெரிந்தது. சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

தொடர்ந்து படித்து வருபவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போதுதான் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. என் மனைவி கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்பவள். நான் அச்சகத்தில் பிழை திருத்தியவன். விடுமுறை நாட்களில் அவளுடைய பெட்டியைத் தூக்குபவன். நாங்கள் போகாத கல்யாணம் இல்லை. ஆனால் ஒன்றுக்கும் விருந்தாளியாகப் போனதில்லை. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என்றாலும் பின்வாசல், அலங்கார அறை, கடைசியில் சமையலறை ஓரம் நின்றபடியே நாலு வாய். கூடத்தில் நடப்பதெல்லாம் எங்களுக்கு வெறும் சத்தம்தான். கைதட்டல் கேட்டால் மோதிரம் மாற்றியாகிவிட்டது என்று அர்த்தம்.

போன மழைக்காலத்தில் அவள் போய்விட்டாள். அதற்குப் பிறகு வந்த அழைப்புக்கெல்லாம், நான் எப்போதோ விட்டுவிட்ட அச்சக வேலையைச் சாக்காகச் சொன்னேன். போன வாரம் அவளுடைய தங்கை, என் கொழுந்தியாள், தன் மகள் கல்யாணத்துக்கு அழைக்க நேரிலேயே வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"அத்தான், பெட்டி வேண்டாம். நீங்க வாங்க. முதல் வரிசையில உக்காருங்க. குடும்பத்தோட படம் எடுக்கும்போது கூட நில்லுங்க. எங்க வீட்டுப் படம் எதுலயும் அக்காவும் இல்ல, நீங்களும் இல்ல. அக்காவை இனிமே நிக்க வைக்க முடியாது. உங்களையாவது விட மாட்டேன்."

அதற்கு எந்த அச்சகத்தைச் சாக்குச் சொல்வது?

காரில் மகள் தன் பங்குக்குச் சொன்னாள். கை கால் முறிந்தவர்களை மறுபடி நடக்கவைக்கும் வேலை அவளுக்கு. எல்லாரிடமும் அதே குரல்தான்.

"முன்வாசல் வழியாப் போகணும். நாற்காலியில உக்காரணும். உக்காந்து சாப்பிடணும். பின்வாசல்ல உங்களைப் பாத்தேன்னு வைங்க, இனிமே எங்கயும் கூப்பிட மாட்டேன்ப்பா. வீட்டுக்குள்ளயே சுவரைப் பாத்துக்கிட்டு இருங்க. நானும் வந்து பாக்க மாட்டேன்."

கடைசி வார்த்தை மிரட்டலா, களைப்பா என்று தெரியவில்லை. ஞாயிறுதோறும் அவள் வருகிற வருகைதான் என் வாரத்துக்கு முதுகெலும்பு. அது அவளுக்கும் தெரியும்.

மண்டபத்து முன்வாசலில் என்னை இறக்கிவிட்டு, வண்டியை நிறுத்தப் போனாள்.

வாசலில் இரண்டு பெண்கள் வருகிறவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு முன்னால் போன தம்பதி அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டு, தங்கள் சிரிப்பைக் கொடுத்துவிட்டு, சர்வசாதாரணமாக உள்ளே போனார்கள். நான் முகத்தைத் தயார்செய்து பார்த்தேன். கன்னம் இழுத்துக்கொண்டது. வெறுங்கையோடு, பெட்டியில்லாமல், நான் யார் என்று அவர்கள் கேட்டால் என்ன சொல்வது?

கால் பக்கத்துச் சந்தில் திரும்பிவிட்டது. ஜெனரேட்டர், எரிவாயு உருளைகள், காலிக் கூடைகளின் அடுக்கு. பின்வாசலில் வாட்ச்மேன் தன் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார்.

"வாங்க சார், வாங்க! எங்க ஆளையே காணோம்? அம்மா வரலையா?"

இத்தனை மாதத்தில் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

"பின்னாடி வராங்க" என்றேன்.

"வரட்டும் சார், நான் பாத்துக்கறேன்."

நடைவழியில் ஏறக்குறைய ஓடினேன். காது மடல் கொதித்தது. பொய் சொன்னதைவிட, அதைச் சொன்ன அந்த ஒரு கணம் எனக்குள் பரவிய சுகம்தான் கேவலமாக இருந்தது.

முதல் வரிசையில் போய் உட்கார்ந்தபோது மகள் வந்து பக்கத்தில் அமர்ந்தாள்.

"முன்வாசல்லதானே வந்தீங்க?"

"ம்."

"பாத்தீங்களா, ஒண்ணும் ஆகல" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தாள். அந்தத் தட்டல் அறையாக விழுந்தது.

நாற்காலி மெத்தென்று இருந்தது. கையை எங்கே வைப்பதென்றுதான் தெரியவில்லை. தொடைமேல் வைத்தேன். கட்டிக்கொண்டேன். எல்லாரும் எதற்கோ சிரித்தார்கள்; நான் சிரிக்க ஆரம்பித்தபோது அவர்கள் முடித்துவிட்டிருந்தார்கள். மேடையில் மணப்பெண் வெளிர் நிற உடையில் நின்றாள். பக்கத்தில் அவள் அம்மா, என் கொழுந்தியாள். அவளுக்குப் பின்னால் என் சகலை. மோதிரப் பெட்டி அவர் பொறுப்பு. அவர் தன் மூக்குக்கண்ணாடியை மூக்கில் வைத்துக்கொண்டே வீடெல்லாம் தேடுகிறவர்.

"மோதிரம்" என்று யாரோ சொன்னார்கள்.

கொழுந்தியாள் வலது கையைப் பின்னால் நீட்டினாள். திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளங்கை மேலே, விரல்கள் கொஞ்சம் மடங்கி.

அக்காவுக்கும் தங்கைக்கும் முகம் ஒட்டாது. கை ஒன்றேதான். அந்தக் கையைத்தான் கல்யாணத்துக்குக் கல்யாணம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். என் மனைவியும் இப்படித்தான், பெண்ணின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் நீட்டுவாள். வாயால் கேட்டதே இல்லை. நீட்டிய கையில் ஊக்கு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சகலை பைகளைத் தடவிக்கொண்டிருந்தார். கை நீண்டபடியே இருந்தது. வெறுமையாக.

நான் எழுந்தது எனக்குத் தெரியாது. மேடைப்படி ஏறியதும் தெரியாது. சட்டை மடிப்பிலிருந்து ஒன்றைக் கழற்றி, திறந்து, அந்த உள்ளங்கையில் வைத்தேன். திறந்துதான் கொடுப்பது எங்கள் வழக்கம். அவள் விரல் நுனியால் மட்டும் எடுப்பாள்.

தங்கை, மோதிரப் பெட்டி என்று நினைத்துக் கையை இறுக மூடினாள்.

"ஆ!"

ஒலிபெருக்கி பக்கத்திலேயே இருந்தது. கூடம் முழுக்கக் கேட்டது. அவள் கையை உதற, மணப்பெண்ணின் வெளிர்ச் சட்டைக்கையில் சிவப்பாக ஒரு பொட்டு விழுந்தது.

"பெரியப்பா?" என்றாள் மணப்பெண். கோபமாக இல்லை. புரியாமல்.

கீழே யாரோ கேட்டார்கள்: "யாரு அந்த ஆளு?"

"அலங்காரம் பண்ண வந்தவராம்."

ஒரு மூலையில் சிரிப்பு. கொழுந்தியாள் கையில் இருந்த ஊக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று அவள் முகத்தில் தெரிந்தது. அதுதான் தாங்கவில்லை.

"அத்தான், போய் உக்காருங்க" என்றாள் மெதுவாக. ஒலிபெருக்கி அதையும் விட்டுவைக்கவில்லை.

முதல் வரிசையில் மகள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவளைத் தாண்டி நடந்தேன். நடந்துகொண்டே இருந்தேன். வரிசைகள் தீர்ந்துபோன இடத்தில் இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. ஒன்றில் உட்கார்ந்தேன்.

"நல்ல இடமாத்தான் புடிச்சீங்க" என்றார் பக்கத்தில் இருந்தவர். வழுக்கைத் தலை, பெரிய தொப்பை, மடியில் துண்டு. "முதல் வரிசை சும்மா பேருக்கு. இங்க ஃபேனும் உண்டு, சாப்பாட்டுக் கதவும் பக்கம். பந்திக்கு முந்துன்னு சும்மாவா சொன்னாங்க?"

தலையாட்டினேன்.

"அங்க என்ன கலாட்டா? முன்னாடி உக்காந்திருக்கிறவர் தலை பூசணிக்கா மாதிரி மறைக்குது."

"ஒருத்தர்... பொண்ணோட அம்மா கையில ஊக்கால குத்திட்டார்."

"அடக் கடவுளே! குடிச்சிருந்தாரா?"

"இல்ல."

"குடிக்காமலேவா? அப்ப சொந்தக்காரராத்தான் இருப்பாரு."

கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டேன். அழுகை என்றுதான் நினைத்தேன்.

"நீங்க எந்தப் பக்கம்? பொண்ணா, மாப்பிள்ளையா?"

முன்பெல்லாம் யாரும் கேட்டதில்லை. கையிலிருந்த பெட்டியே சொல்லிவிடும்.

"பொண்ணோட பெரியப்பா."

"பெரியப்பாவா! பெரியப்பா எதுக்குய்யா கடைசி வரிசையில?" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் தன் கதைக்குப் போனார். பஸ் கண்டக்டராக இருந்தவராம். மாப்பிள்ளையின் அப்பா தினமும் அவர் பஸ்ஸில் ஏறுவாராம். "சில்லறை சரியா குடுப்பாரு. அந்தச் சிநேகிதம்தான். எனக்கு இங்க வேற ஒருத்தரையும் தெரியாது. கூப்பிட்டா போயிடுவேன்."

"தெரியாதவங்க கல்யாணத்துல என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்றதா? கல்யாணத்துல என்னய்யா பண்றது? பாக்கறதுதான். மேடையைப் பாக்காதீங்க, பாவம், அதுங்க பயந்துபோய் நிக்குதுங்க. கீழ பாருங்க. அதோ அந்த மஞ்சச் சட்டை. அவரு பொண்டாட்டி என்னமோ உருகிச் சொல்லிக்கிட்டு இருக்கு. இவரு கண்ணு சாப்பாட்டுக் கதவுலயே இருக்கு பாருங்க. வாசம் வந்துடுச்சு அவருக்கு. அந்தப் பச்சைக்காரம்மா செருப்பைக் கழட்டிட்டாங்க. இப்ப ஒரு கால் செருப்பைக் காணோம். முகத்துல ஒண்ணும் காட்டாம காலாலேயே தேடறாங்க."

பார்த்தேன். பச்சைக்கார அம்மாவின் முகம் மேடையை நோக்கி உருக்கமாக இருந்தது. நாற்காலிக்குக் கீழே அவர் கால், குருடன் சுவரைத் தடவுவதுபோல் தரையைத் தடவிக்கொண்டிருந்தது. செருப்பு மஞ்சள் சட்டைக்காரரின் நாற்காலிக்கு அடியில் கிடந்தது.

சிரித்துவிட்டேன். இந்த முறை எல்லாருக்கும் முன்னாலேயே. கூடத்தில் கைதட்டல் எழுந்தது. மோதிரம் கிடைத்துவிட்டது போலிருக்கிறது. அந்தக் கைதட்டலை முதன்முறையாக உள்ளிருந்து கேட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டதுபோல் இல்லை அது. மழை மாதிரி மேலே விழுந்தது. நானும் தட்டினேன்.

தோளை யாரோ தொட்டார்கள். வாட்ச்மேன்.

"சார், அம்மா இன்னும் வரலையே? அவங்க நாற்காலியைத் துடைச்சு, ஃபேனும் போட்டு வெச்சிருக்கேன். அதான் கேட்டுட்டுப் போலாம்னு."

தட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"வீட்டம்மா வராங்களா?" என்று கண்டக்டர் உற்சாகமானார். "சொல்லவே இல்லையே! வரட்டும், வரட்டும்." துண்டை எடுத்து எனக்கு அந்தப் பக்கத்து நாற்காலியில் விரித்து இடம் பிடித்தார்.

"யாருப்பா வராங்க?"

பின்னால் மகள் நின்றிருந்தாள். கையில் தண்ணீர் டம்ளர். எனக்காகக் கொண்டு வந்திருக்கிறாள். அத்தனை நடந்த பிறகும்.

வாட்ச்மேன் என்னைப் பார்த்தார். கண்டக்டர் துண்டைப் பார்த்தார். மகள் வாட்ச்மேனின் சீருடையைப் பார்த்தாள். நான் எந்த வாசல் வழியாக வந்தேன் என்பதும் அத்தோடு அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

கத்தியிருந்தால் தேவலை. டம்ளரை என் கையில் கொடுத்து, "குடிங்க" என்றாள், நோயாளியிடம் சொல்வதுபோல். திரும்பிப் போய்விட்டாள்.

"ஏதாவது தப்பாக் கேட்டுட்டேனா சார்?" என்றார் வாட்ச்மேன்.

"இல்ல. வாங்க, வெளிய போலாம்."

நடைவழியில் அலங்கார அறைக்குப் பக்கத்தில் அந்த நாற்காலி இருந்தது. பெண்ணுக்கு அலங்காரம் முடிந்ததும் என் மனைவி வந்து சாய்கிற இடம். மேலே மின்விசிறி வேகமாகச் சுழன்று, யாருமில்லாத இடத்துக்குக் காற்று வீசியது.

"அம்மா இல்ல" என்றேன். "மழைக்காலத்துலேயே போயிட்டாங்க."

வாட்ச்மேன் சுவரைப் பிடித்துக்கொண்டார். "அப்ப காலைல ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?" என்றார். குற்றம் சாட்டவில்லை. கேட்டார்.

"மத்தவங்க எல்லாரும் எப்படிப் போனாங்கன்னு கேக்கறாங்க. நீங்க ஒருத்தர்தான் வரலையான்னு கேட்டீங்க."

அவர் சுவிட்சை அணைத்தார். இறக்கைகள் நிற்கும்வரை இருவரும் அண்ணாந்து பார்த்தோம். நான் சட்டை மடிப்பைத் திருப்பி, மிச்சமிருந்த ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி நாற்காலியில் வைக்கப் போனேன்.

"அங்க வைக்காதீங்க சார், யாராவது உக்காந்துடப் போறாங்க" என்று உள்ளங்கையை நீட்டினார். மூடியிருக்கின்றனவா என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்தேன்.

"கடைசியா வந்தப்போ நல்லாத்தானே இருந்தாங்க" என்றார். "அன்னிக்கு முன்வாசல் வழியா வந்தாங்க. என்னம்மா, வழி மறந்துடுச்சான்னு கேலிகூடப் பண்ணேன். இன்னிக்கு வேலை இல்ல, சும்மா வந்தேன்னாங்க."

"யாரு?"

"அம்மாதான். பெட்டி இல்ல. கொஞ்சம் இளைச்சிருந்தாங்க. கடைசி வரிசையில உக்காந்து, அப்படிச் சிரிச்சுக்கிட்டிருந்தாங்க. போகும்போது எனக்குக்கூட ஒரு தட்டு சாப்பாடு எடுத்துட்டு வந்து குடுத்தாங்க."

"எப்போ?"

"மழைக்கு முந்தி. நீங்க வரல. உங்க பொண்ணுதான் கூட."

மழைக்கு முந்தைய நாட்களில் அவர்கள் இருவரும் சேர்ந்து கிளம்பியதெல்லாம் ஆஸ்பத்திரிக்குத்தான். அப்படித்தான் என்னிடம் சொன்னார்கள்.

கூடத்திலிருந்து ஒலிபெருக்கியில் மணப்பெண்ணின் குரல் வந்தது: "பெரியப்பா எங்க? பெரியப்பா வராம யாரும் படம் எடுக்கக் கூடாது."

நடைவழியாகப் போனால் நாலெட்டில் மேடை. நான் பின்வாசல் வழியாக வெளியேறி, சந்தைச் சுற்றி, முன்வாசலுக்குப் போனேன். அந்த இரண்டு பெண்களும் சிரித்தார்கள். "வாங்க. லேட்டாயிடுச்சா?" என்றாள் ஒருத்தி.

"ஆமாம்மா. ரொம்ப."

நடுவழியில் எல்லாரும் பார்க்க நடந்தேன். இரண்டு குடும்பமும் மேடையில் அடுக்கிவைத்ததுபோல் நின்று காத்திருந்தது. காது மறுபடி கொதித்தது. கடைசி வரிசையிலிருந்து, "அட, பெரியப்பா!" என்று கண்டக்டர் குரல் கொடுத்தார்.

மணப்பெண் என்னை முறைத்தாள். பிறகு, முடியாமல், சிரித்தாள். சட்டைக்கையை மடித்துப் பொட்டை மறைத்திருந்தார்கள். கொழுந்தியாளின் விரலில் கைக்குட்டை சுற்றியிருந்தது.

"என் பக்கத்துல நில்லுங்க அத்தான்" என்றாள். "கை ரெண்டும் பாக்கெட்டுல இருக்கட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். பையில் கையை விட்டுக்கொண்டேன். அவள் குரலை மட்டும் தாழ்த்தி, "எனக்கும் அக்கா வர்ற அந்தப் பின்கதவையே பாக்கத் தோணுது" என்றாள்.

என் மறுபக்கம் மகள் வந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை.

"முன்வாசல் வழியா வந்தேன்" என்றேன் முணுமுணுப்பாக.

"பாத்தேன்."

"உங்கம்மாவும் ஒரு தடவை அப்படி வந்தாளாமே. உன்கூட."

அவள் அசையவில்லை. ஆனால் என் முழங்கையைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின.

"எல்லாரும் இங்க பாருங்க" என்றார் படம் எடுப்பவர்.

"யாரோட கல்யாணம்னு வாட்ச்மேன் சொன்னாரா?" என்றாள், உதடு அசையாமல்.

"இல்ல."

"எங்களுக்கும் தெரியாது. சிரிங்கப்பா" என்றாள்.

அந்தப் படம் இப்போதும் என் மேசைமேல் இருக்கிறது. எங்கள் குடும்பப் படங்களில் நான் இருக்கும் முதல் படம். எல்லாரும் நேரே பார்க்கிறார்கள். சகலை மட்டும் கண்ணை மூடியிருக்கிறார். நான், இரண்டு கையும் பைக்குள், வாய் பாதிச் சிரிப்பில் திறந்தபடி, என் மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.